பரிசின் விலை, கொடையின் மதிப்பு

விஜயதசமி நாளின் மாலையில் மகாராஷ்டிரத்தின் சிற்றூர்களிலும் பெருநகரங்களிலும் மக்கள் உற்றார் உறவினரின் இல்லங்களுக்குச் சென்று ஓர் இலையைப் பரிசாக வழங்குகின்றனர். ஆத்தி இனத்தைச் சேர்ந்த 'ஆப்டா' என்னும் மரத்தின் இலை அது. நடுவே பிளவுபட்டு இரு மடல்களாக விரிந்திருக்கும். கொடுப்பவரும் பெறுபவரும் அதற்கு இட்டிருக்கும் பெயர் 'பொன்'. வட கர்நாடகத்திலும் தெலங்கானாவிலும் அதே நாளில் வன்னி மரத்தின் இலை பொன்னாகிறது. இளையவர் அதை முதியவரின் கையில் வைத்து வணங்கி ஆசி பெறுகிறார். ஆலை அதிபரும் அவரது ஆலையில் பணிபுரியும் தொழிலாளியும் அன்று கொடுப்பது ஒரே பொருளைத்தான். அதன் விலை என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை. 'சென்ற ஆண்டு நாம் கொடுத்ததைவிடச் சிறிய இலையாக அல்லவா கொடுத்துவிட்டார்கள்!' என்று ஒருவரும் மனம் வருந்துவதில்லை.

அன்றிலிருந்து 20 நாட்களில் தீபாவளி வருகிறது. அதே மக்கள், அதே இல்லங்கள். ஆனால் இப்போது பரிசுப் பெட்டிகள் எடைபோடப்படுகின்றன. இனிப்பு எந்தக் கடையிலிருந்து வந்தது என்று உறையின் மேலுள்ள பெயர் படிக்கப்படுகிறது. உலர்பழப் பெட்டி ஒன்று திறக்கப்படாமலேயே நான்கு வீடுகளுக்குக் கைமாறிச் செல்கிறது. இலையைப் பொன்னாகக் காணத் தெரிந்த அதே கண்கள், 3 வாரத்திற்குள் பொன்னை நிறுத்துப் பார்க்கும் கண்களாக மாறிவிடுவது ஏன்? பரிசு என்பது பொருளா, அன்பா? விலை குறைந்த பரிசு அன்பு குறைந்ததன் அடையாளமா? அல்லது எளிமை என்பது சில வேளைகளில் கருமித்தனம் அணிந்துகொள்ளும் முகமூடியா? பண்டிகைக் காலம் வரும்போதெல்லாம் சாதாரணக் குடும்பங்களின் உள்ளத்தை அரித்துக்கொண்டிருக்கும் கேள்விகள் இவை.

ரகுவும் கௌத்ஸரும்

இலை பொன்னான கதை, மகாகவி காளிதாசரின் ரகுவம்சத்தில் ஐந்தாம் சர்க்கத்தில் வரும் ஒரு நிகழ்ச்சியை ஒட்டி மக்களிடையே வழங்குகிறது. வரதந்து முனிவரிடம் கல்வி பயின்று முடித்த கௌத்ஸர், குருதட்சிணையாக என்ன தரவேண்டும் என்று பணிவுடன் கேட்டார். சீடன் இத்தனை காலம் செய்த பணிவிடையே போதுமான தட்சிணை என்றார் குரு. கௌத்ஸரின் மனம் அதில் நிறைவடையவில்லை. ஏதேனும் கேட்டே ஆகவேண்டும் என்று மீண்டும் மீண்டும் வற்புறுத்தினார். சினம் கொண்ட குரு, கற்ற 14 வித்தைகளுக்கு 14 கோடிப் பொன் கொண்டுவருமாறு கூறிவிட்டார்.

கௌத்ஸர் ரகு மன்னரை நாடிச் சென்றார். மன்னரோ விசுவஜித் என்னும் யாகத்தைச் செய்து முடித்து, தம் செல்வம் அனைத்தையும் தானமாக வழங்கிவிட்டிருந்தார். வந்த விருந்தினருக்கு மண் பாத்திரத்தில்தான் அவரால் அர்க்கியம் அளிக்க முடிந்தது. ஆயினும் நாடி வந்தவரை வெறுங்கையுடன் அனுப்ப மனமில்லாமல், குபேரன் மீதே படையெடுக்க முற்பட்டார். அன்றிரவே மன்னரின் கருவூலத்தில் பொன்மழை பொழிந்தது. அது ஆப்டா மரத்தின் மீதும் வன்னி மரத்தின் மீதும் பொழிந்தது என்று மக்கள் வழக்குக் கூறுகிறது. பொழிந்தது முழுவதையும் எடுத்துச் செல்லுமாறு ரகு வேண்டினார். குருவுக்கு உரியதற்கு மேல் ஒரு காசும் வேண்டாம் என்று கௌத்ஸர் மறுத்தார். கேட்டதற்கு மேல் கொடுக்க விரும்பியவரையும், தேவைக்கு மேல் பெற மறுத்தவரையும் நகர மக்கள் ஒருங்கே போற்றினார்கள்.

இந்தக் கதையில் பலரும் பொன்மழையை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்கிறார்கள், தொடக்கத்தை மறந்துவிடுகிறார்கள். பணிவிடையே போதும் என்று குரு கூறிய அந்தக் கணத்திலேயே தட்சிணை முழுமையடைந்துவிட்டது. தம் கைகளால் செய்த சேவையை ஒரு காணிக்கையாகக் கருத கௌத்ஸரின் மனம்தான் இடம் தரவில்லை. கண்ணுக்குத் தெரியும்படி, எண்ணிக் காட்டும்படி, விலை சொல்லும்படி ஒன்றைக் கொடுத்தால்தான் கொடுத்ததாகும் என்று அவர் எண்ணினார். அந்த எண்ணத்திலிருந்துதான் 14 கோடியின் சுமை பிறந்தது. பண்டிகை நாட்களில் எத்தனையோ இல்லங்களில் ஏறிக்கொள்ளும் சுமையும் இதே எண்ணத்திலிருந்து பிறப்பதுதான்.

பரிசு கடனாகும்போது

எளிய வருவாயுள்ள ஒரு தந்தையை எண்ணிப் பார்க்கலாம். மூத்த மகளுக்கு அது தலைதீபாவளி. மருமகனுக்கு மோதிரம், சம்பந்தி வீட்டாருக்குப் பட்டு, அக்கம்பக்கத்தாருக்குப் பகிர்ந்தளிக்க அண்டா அளவில் இனிப்பு என்று பட்டியல் நீள்கிறது. அவர் தம் மனைவியின் வளையலை அடகு வைத்துப் பண்டிகையை நடத்துகிறார். அடுத்த பண்டிகை வருவதற்குள் வட்டி வளர்ந்திருக்கும். இளைய மகளின் கல்விக் கட்டணம் தவணை தவறியிருக்கும். கொடுத்தவர் மனத்தில் மகிழ்ச்சி இல்லை, அச்சம்தான் இருந்தது. பெற்றவர் மனத்தில் நன்றி இல்லை, ஒப்பீடுதான் இருந்தது. இரு பக்கமும் அன்பு இல்லாதபோது, நடுவே கைமாறிய பொருளுக்குப் பரிசு என்று பெயர் சூட்டுவது எவ்வளவு பொருந்தும்?

சமூகங்களில் பரிசு என்பது கொடுக்கும் கடமை, ஏற்கும் கடமை, திருப்பிச் செய்யும் கடமை ஆகிய மூன்று கட்டுகளுடன் இயங்குகிறது என்று பிரெஞ்சு அறிஞர் மார்செல் மாஸ் 1925-ஆம் ஆண்டில் வெளியான தம் புகழ்பெற்ற ஆய்வில் எடுத்துரைத்தார். தமிழகத் திருமண வீடுகளில் எழுதப்படும் மொய்க் கணக்கும், வட மாநிலங்களில் 'நியோதா' என்ற பெயரில் நிலவும் வழக்கமும் இதற்கு நேரான எடுத்துக்காட்டுகள். இவற்றின் தோற்றத்தில் குறையொன்றும் இல்லை. ஒரு குடும்பத்தின் பெருஞ்செலவை ஊரே பகிர்ந்து சுமக்கும் அருமையான ஏற்பாடு அது. ஆனால் இத்தகைய கைமாற்றும் அன்பின் காணிக்கையும் ஒன்றல்ல. கைமாற்றுக்குக் கணக்கு வேண்டும்; காணிக்கைக்குக் கணக்கு கூடாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளும்போதுதான் துன்பம் தொடங்குகிறது.

இந்தக் குழப்பம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாட்டின் சட்டமே உணர்ந்திருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் வரதட்சிணைத் தடைச் சட்டம் திருமணப் பரிசுகளை முற்றிலும் விலக்கவில்லை. ஆனால் அவை எவரும் வற்புறுத்திக் கேட்காமல் தரப்பட்டவையாக இருக்க வேண்டும். பட்டியலில் பதிவு செய்யப்பட வேண்டும். மணமகள் வீட்டார் அளிப்பவையாயின், வழக்கத்தை ஒட்டியவையாகவும், அளிப்பவரின் பொருளாதார நிலைக்கு மிஞ்சாதவையாகவும் இருக்க வேண்டும். கொடுப்பவரின் சக்திக்கு மீறியது பரிசாகாது என்ற தர்மம், சட்டப் புத்தகத்தில் எழுதி வைக்கவேண்டிய நிலைக்கு வந்துவிட்டது.

கீதை தரும் அளவுகோல்

பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் 20 முதல் 22 வரையுள்ள சுலோகங்களில் பகவான் ஸ்ரீகிருஷ்ணர் தானத்தை மூன்றாகப் பகுத்துரைக்கிறார். கொடுப்பது கடமை என்ற உணர்வுடன், திருப்பிச் செய்ய இயலாதவருக்கும், தகுந்த இடத்தில், தகுந்த காலத்தில், தகுதியறிந்து கொடுப்பது சாத்விகம். கைம்மாறு கருதியோ, பயனை எதிர்பார்த்தோ, மனம் நொந்தோ கொடுப்பது ராஜசம். இடமும் காலமும் தகுதியும் பாராமல், மதிப்பின்றி, இகழ்ச்சியுடன் கொடுப்பது தாமசம்.

இந்த மூன்று சுலோகங்களையும் எத்தனை முறை படித்தாலும் அவற்றில் ஒன்றைக் காண முடியாது, அதுதான் அளவு. எவ்வளவு கொடுத்தால் சாத்விகம், எவ்வளவு குறைந்தால் தாமசம் என்ற பேச்சே அங்கு இல்லை. மனநிலை, பெறுபவர், இடம், காலம் என்ற நான்கு கோல்களால் தானம் அளக்கப்படுகிறது. விலை என்னும் கோல் அங்கே வைக்கப்படவே இல்லை. அடகு வைத்து, மனம் நொந்து கொடுத்த மோதிரம் இந்தக் கோல்களின்படி ராஜசமே. அதைவிட அன்புடன் கொடுத்த ஒரு பிடி எள்ளுருண்டை உயர்ந்தது.

காமார்ஹாட்டியிலிருந்து வந்த அம்மையார்

நூலில் உள்ள இந்த உண்மை வாழ்வில் எவ்வாறு மலர்கிறது என்பதற்குப் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் வரலாற்றில் ஓர் இனிய நிகழ்ச்சி உண்டு. பின்னாளில் 'கோபாலரின் அம்மா' என்று பக்தர்களால் போற்றப்பட்ட அகோரமணி தேவி, இளமையிலேயே கணவரை இழந்தவர். கல்கத்தாவுக்கு வடக்கே கங்கைக் கரையிலுள்ள காமார்ஹாட்டியில், ஒரு கோயில் தோட்டத்தின் சிறிய அறையில் தங்கி, ஜபமே வாழ்வாகக் காலம் கழித்துவந்தார். 1884-ஆம் ஆண்டில் அவர் முதன்முறையாகத் தட்சிணேசுவரம் சென்று குருதேவரைத் தரிசித்தார். சில நாட்களில் மீண்டும் காணவேண்டும் என்ற ஏக்கம் எழுந்தது. பெரியவரைப் பார்க்க வெறுங்கையுடன் செல்லக் கூடாதே! வழியில் தம்மால் முடிந்த சொற்பக் காசுக்குச் சந்தேஷ் வாங்கிக்கொண்டார். அது நல்ல சந்தேஷ்கூட இல்லை. செல்வர்கள் உயர்ந்த பண்டங்களைக் கொண்டுவந்து குவிக்கும் இடத்தில் இதை எப்படிக் கொடுப்பது என்ற கூச்சம் அவரை வாட்டியது.

குருதேவரோ அவரைக் கண்டதும், தமக்கு என்ன கொண்டுவந்திருக்கிறார் என்று குழந்தையைப் போல் கேட்டார். வெட்கத்துடன் அவர் நீட்டியதை மகிழ்ச்சியோடு வாங்கி உண்டார். பிறகு, காசு செலவழித்து இனிப்பு வாங்க வேண்டாம் என்றும், வீட்டிலேயே தேங்காய் உருண்டை செய்துவைத்து, வரும்போது ஒன்றிரண்டு கொண்டுவந்தால் போதும் என்றும், அவர் தமக்கெனச் சமைக்கும் கறியில் சிறிது கொண்டுவந்தாலும் சரியே என்றும் கூறினார். அகோரமணி தேவிக்கு உள்ளூரச் சலிப்பு ஏற்பட்டது. உணவைத் தவிர வேறெதையும் பேசாத இவர் எப்படிப்பட்ட சாது? ஏழை விதவையான தம்மால் இவருக்கு எப்படி உணவளித்துக்கொண்டிருக்க முடியும்? இனி வரவே கூடாது என்றுகூட எண்ணினார். ஆனால் ஏதோ ஒன்று அவரை மீண்டும் ஈர்த்தது. தம் கையால் சமைத்த எளிய கறியை எடுத்துக்கொண்டு வந்தார். அமுதத்தைச் சுவைப்பவர்போல் குருதேவர் அதைப் புகழ்ந்து உண்டபோது, அந்த அம்மையாரின் கண்களில் நீர் பெருகியது.

இங்கு நிகழ்ந்தது என்ன? கடையில் வாங்கிய சந்தேஷ், அந்த அம்மையாரிடம் எது இல்லையோ அதைச் சுட்டிக் காட்டியது. பணம் இல்லாதவர் பணத்தால் பரிசளிக்க முயன்றால், அங்கே கண்ணுக்குத் தெரிவது அவரது வறுமை மட்டுமே. தேங்காய் உருண்டையும் கறியும் அவரிடம் எது நிறைந்திருந்ததோ அதைக் காட்டின. தனிமையில் கழிந்த நெடுங்காலத்தின் ஜபம், தாய்மைக்கு ஏங்கிய உள்ளம், கைப்பக்குவம் ஆகிய அனைத்தும் அந்தக் கறியில் இருந்தன. இல்லாததைக் கடன் வாங்கிக் கொடுக்கும் நிலையிலிருந்து, இருப்பதை எடுத்துக் கொடுக்கும் நிலைக்கு அவரைக் குருதேவர் உயர்த்திவிட்டார். வெட்கம் அகன்றது, தாய்மை மலர்ந்தது. பாகவதத்தின் பத்தாவது ஸ்கந்தத்தில், அண்டை வீடுகளில் இரந்து பெற்ற நான்கு பிடி அவலைத் துணியில் முடிந்துகொண்டு வந்த நண்பர், அதைக் கொடுக்க நாணி மறைத்தபோது, கண்ணன் தாமே பற்றி எடுத்து உண்டதன் உட்பொருளும் இதுவே.

மலிவு என்னும் பெயரில்

அவ்வாறாயின் விலை குறைந்தது எதுவாயினும் உயர்ந்த பரிசு என்று கொள்ளலாமா? கூடாது என்று கடோபநிஷதம் எச்சரிக்கிறது. வாஜசிரவஸர் தம் உடைமை முழுவதையும் வழங்கவேண்டிய ஒரு யாகத்தைச் செய்தார். ஆதிசங்கரரின் உரைப்படி அதுவும் ரகு செய்த அதே விசுவஜித் யாகம்தான். ஆனால் அவர் தானமாக ஓட்டிவிட்ட பசுக்கள், இனிப் புல் தின்னவோ நீர் அருந்தவோ பால் தரவோ சக்தியற்றுப்போன கிழப் பசுக்கள். சிறுவன் நசிகேதன் அதைக் கண்டான். இப்படிக் கொடுப்பவர் அடையும் உலகம் இன்பமற்றதாயிற்றே என்று தந்தைக்காகக் கவலையுற்றான். ஒரே யாகத்தை இருவர் செய்தனர். ஒருவர் கையில் மண் பாத்திரம் மட்டுமே மிஞ்சியது. மற்றவரோ தமக்கு வேண்டாதவற்றைக் கழித்துக்கட்டிக்கொண்டார்.

ஆகவே, விலை குறைந்த பரிசு வேறு, மதிப்புக் குறைந்த பரிசு வேறு. பரணில் கிடக்கும் பொருளைத் துடைத்து, வண்ணத்தாள் சுற்றிக் கொடுப்பது எளிமையன்று; அது கிழப் பசுவைத் தானம் செய்வது. நன்கு கொடுக்க வசதியிருந்தும், 'மனம்தானே முக்கியம்' என்று கூறி ஒரு வாழ்த்து அட்டையுடன் முடித்துக்கொள்வதும் அத்தகையதே. அண்டை வீட்டுச் சிறுமிக்குப் பள்ளிக் கட்டணம் செலுத்த வழியில்லாதபோது, அவளுக்குக் கையால் தைத்த பொம்மையைக் கொடுத்து மனநிறைவு அடைபவர், அவளுக்காகக் கொடுக்கவில்லை, தமக்காகவே கொடுத்துக்கொள்கிறார். மருந்து தேவைப்படும் இடத்தில் மருந்தே பரிசு. பணம் தேவைப்படும் இடத்தில், பிறர் அறியாமல் கொடுக்கும் பணமே பரிசு. தைத்திரீய உபநிஷதம் கொடுப்பவரிடம் சிரத்தை, நாணம், அச்சம் ஆகியவற்றுடன் தெளிந்த அறிவையும் எதிர்பார்க்கிறது. அந்தத் தெளிவு இல்லாத எளிமை வெறும் கொள்கையாகவே நின்றுவிடும்.

உழைப்பின் செருக்கு

கையால் செய்த பரிசுக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. பணத்தால் வரும் செருக்கை எளிதில் அடையாளம் காணலாம். உழைப்பால் வரும் செருக்கு நுட்பமானது. 'மூன்று மாதம் கண்விழித்துப் பின்னிய சால்வை, ஒருநாளாவது போர்த்திக்கொண்டாளா?' என்று குறைபட்டுக்கொள்பவர், தம் பரிசை இன்னும் கொடுத்து முடிக்கவில்லை. அதன் ஒரு நுனியைத் தம் கையிலேயே பிடித்திருக்கிறார். வாங்கிய பொருளைவிட இத்தகைய பரிசு பெறுபவரை அதிகமாகக் கட்டிப்போடும். தம் செயலை இறைவனுக்கு அர்ப்பணிப்பவர் அதன் பலனைப் பற்றிக்கொள்வதில்லை. சால்வை பின்னி முடித்துக் கொடுத்தாயிற்று என்றால், அது பெறுபவருக்கு உரியது. போர்த்திக்கொள்வதும், தம்மைவிடக் குளிரில் வாடும் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதும் அவரது உரிமை.

வேறொன்றையும் நேர்மையுடன் எண்ணிப் பார்க்க வேண்டும். 'எங்கள் வீட்டில் செய்தது' என்று பெருமையுடன் கூறி அலுவலக நண்பர்களுக்கு இல்லத் தலைவர் முறுக்கு வழங்குகிறார். அதை நள்ளிரவுவரை அடுப்படியில் நின்று பிழிந்தவர் இல்லத்தரசி. இன்னொருவரின் முதுகுவலியைத் தன் பெயரால் பரிசளிப்பது எளிமையாகாது. செலவைக் குறைக்கும் நற்பணியின் பாரம் முழுவதும் வீட்டுப் பெண்களின் தோளில் விழுமானால், கடன்காரரிடமிருந்து விடுபட்ட குடும்பம் வேறொரு கடனில் விழுந்துவிட்டது என்பதே பொருள். கையால் செய்வது என்று தீர்மானித்தால், அதில் எல்லோருடைய கையும் இருக்கவேண்டும். தந்தை எள் வறுக்கட்டும். மகன் வெல்லம் நறுக்கட்டும். பாட்டி அமர்ந்தபடி பதம் சொல்லட்டும்.

கைவினைஞரின் வாழ்வும் நினைவில் இருக்கவேண்டும். வீட்டில் செய்வதே சிறந்தது என்று கருதி, குயவரின் அகல்விளக்கையும் நெசவாளியின் துண்டையும் ஒருவர் புறக்கணிக்க வேண்டியதில்லை. ஆண்டின் பெரும்பகுதி வருவாயைப் பண்டிகைக் காலத்தை நம்பியே எதிர்நோக்கும் அவர்களிடம் பேரம் பேசாமல் வாங்கி ஒருவருக்கு அளிப்பதும் இரு இல்லங்களில் விளக்கேற்றும் செயல்தான்.

கை செய்யும்போது மனம் செய்வது

இத்தனை எச்சரிக்கைகளுக்குப் பிறகும், கையால் செய்யும் பரிசுக்குத் தனியொரு சிறப்பு உண்டு. கடையில் பரிசு வாங்க அரைமணி நேரம் போதும்; அந்த அரைமணியிலும் மனம் விலையையே எண்ணிக்கொண்டிருக்கும். ஒன்றைச் செய்யும்போதோ, அது யாருக்காகவோ அவர் மனத்தில் அமர்ந்துவிடுகிறார். அவருக்குக் காரம் ஒத்துக்கொள்ளுமா, எந்த வண்ணம் பிடிக்கும், எழுத்துகள் எவ்வளவு பெரிதாக இருந்தால் அவரால் படிக்க முடியும் என்று சிந்தனை ஓடுகிறது. ஒருவரை இடையறாது நினைப்பது தியானத்தின் முதற்படி அல்லவா?

தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளின் வாழ்வில் இதற்கு ஓர் அரிய சான்று உண்டு. அவருடைய நண்பர் காலன்பாக், டிராப்பிஸ்ட் துறவிகளின் மடத்துக்குச் சென்று செருப்புத் தைக்கும் தொழிலைக் கற்றுவந்தார். அவரிடமிருந்து காந்தியடிகள் டால்ஸ்டாய் பண்ணையில் அதைக் கற்றார். பின்னர்ச் சிறையிலிருந்தபோது தம் கையால் ஒரு ஜோடிச் செருப்பைத் தைத்து, 1914-இல் அந்நாட்டைவிட்டுப் புறப்படுமுன் தம்மைச் சிறையிலிட்ட அரசின் தலைவர்களுள் ஒருவரான ஜெனரல் ஸ்மட்ஸுக்குப் பரிசாக அளித்தார். கோடைகள் பலவற்றில் அதை அணிந்துவந்த ஸ்மட்ஸ், காந்தியடிகளின் எழுபதாவது பிறந்த நாளையொட்டி 1939-இல் அதைத் திருப்பியனுப்பினார். அத்தகைய பெருமனிதரின் செருப்பில் நிற்கும் தகுதி தமக்கு இல்லை என்று அவர் உணர்ந்ததாக எழுதினார். தோலும் நூலும் சில காசு பெறும். எதிரியின் பாதத்தின் அளவையும் அதன் சுகத்தையும் சிறையில் அமர்ந்து எண்ணிய ஒரு மனம் அதனுள் இருந்தது. பகைமை அந்தச் சில காசுப் பொருளின்முன் நிற்க இயலவில்லை.

கையில் தோலும் ஊசியும்கூட இல்லாதவருக்கும் வழி உண்டு. 1930-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள், நைனி சிறையிலிருந்த ஜவாஹர்லால் நேரு, தம் மகள் இந்திராவின் பதின்மூன்றாம் பிறந்த நாளுக்காக ஒரு கடிதம் எழுதினார். சிறைச் சுவர்களுக்குள் இருப்பவர் பொருளாக எதைத்தான் அனுப்ப முடியும்? மனத்தையும் சிந்தனையையும் சார்ந்த பரிசையே தம்மால் தர இயலும் என்று கருதினார். அந்தக் கடிதத்தைத் தொடர்ந்து 1933 வரை எழுதப்பட்டவையே 'உலக சரித்திரம்' என்ற பெரும் நூலாயின. 1942-இல் இந்திரா மணமகளாக உடுத்திய புடவையும், தந்தை சிறையில் நூற்ற நூலால் நெய்யப்பட்டதுதான்.

பெரியோர்க்கு மட்டுமே உரியதல்ல இந்தச் செல்வம். வங்காளத்துத் தாய்மார்கள் பழம்புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கடுக்காக வைத்து, புடவைக் கரையிலிருந்தே வண்ண நூலை உருவியெடுத்து, நெருக்கமாகத் தையலிட்டுக் 'காந்தா' விரிப்புகளைச் செய்துவந்தனர். பீகாரில் 'சுஜனி' என்ற பெயரில் பிறந்த குழந்தைக்காக அத்தகைய விரிப்பு தைக்கப்பட்டது. பல ஆண்டுகள் துவைத்து மென்மையான அந்தத் துணியைப்போல் பச்சிளம் உடலுக்கு இதமானது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. பஞ்சாபில் பேத்தி பிறந்ததும் அவளது மணநாளுக்காகப் பாட்டி 'புல்காரி' பூத்தையலைத் தொடங்கிவிடுவாள். 1905-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் வங்கப் பிரிவினை நடைமுறைக்கு வந்தபோது, பிளவுபட்ட மக்களை இணைக்க மகாகவி ரவீந்திரநாத் தாகூர் தேர்ந்தெடுத்ததும் ஒரு நூலிழையைத்தான். அன்று இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருவர் கையில் ஒருவர் ராக்கி கட்டிக்கொண்டனர்.

இல்லங்களில் செய்யத் தக்கவை

பண்டிகைகளும் பிறந்த நாள்களும் வரும்போது சாதாரணக் குடும்பங்கள் செய்யக்கூடியவை பல. மகர சங்கராந்தியன்று கர்நாடகத்துச் சிறுமியர் வறுத்த எள், சிறு துண்டுகளாக நறுக்கிய வெல்லம், கொப்பரைத் துருவல், நிலக்கடலை, பொட்டுக்கடலை ஆகியவற்றைக் கலந்து, தட்டில் ஏந்தி வீடுவீடாகச் சென்று வழங்குகின்றனர். எள்ளும் வெல்லமும் போல் இனிய சொல் வளரவேண்டும் என்பதே அதன் நோக்கம். மகாராஷ்டிரத்தில் எள்ளுருண்டையைக் கொடுக்கும்போது, பழைய மனக்கசப்புகளை மறந்து இனிமையாகப் பேசவேண்டும் என்று சொல்லியே கொடுக்கிறார்கள். பேச்சுவார்த்தை நின்றுபோன உறவினர் வீட்டுக்கு முதலில் அந்தத் தட்டு செல்லுமானால், அதைவிட விலையுயர்ந்த பரிசு அந்த ஆண்டில் வேறு இருக்காது.

கண்பார்வை மங்கிய தாய்க்கு, அவர் நாள்தோறும் சொல்லும் தோத்திரத்தைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதித் தைத்துக் கொடுக்கலாம். கார்த்திகை தீபத்துக்குப் பஞ்சைத் திரித்துத் திரிகளாக்கி, தனியே வாழும் முதியவருக்கு அளிக்கலாம். பழைய பருத்திப் புடவையில் பைகள் தைக்கலாம். துளசிக் கன்றைத் தேங்காய்ச் சிரட்டையில் வளர்த்துப் புதுமனை புகுவோருக்குத் தரலாம். ராக்கிக்குக் கடைச் சரிகையை நாடாமல், மஞ்சளில் தோய்த்த நூலைத் திரிக்கலாம். வாரம் ஒரு நாள் வந்து செய்தித்தாள் வாசித்துக் காட்டுவதாக ஒரு முதியவரிடம் கொடுத்த வாக்கை ஆண்டு முழுவதும் காப்பாற்றினால், 52 பரிசுகள் கொடுத்ததாகும். எதைச் செய்தாலும் அதைச் செம்மையாகச் செய்யவேண்டும். அவசரத்தில் கருகிய பலகாரமும், பிரிந்து தொங்கும் தையலும் அன்பின் அடையாளங்கள் அல்ல. பூஜைக்கு மலர் தொடுப்பவர் வாடிய மலரை விலக்குவதுபோல், மனிதருக்குச் செய்யும்போதும் கவனம் வேண்டும்.

இந்தப் பணிகளில் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்வது மிகவும் அவசியம். தன் நண்பன் வீட்டில் கிடைத்த விலையுயர்ந்த விளையாட்டுப் பொருளைப் பார்த்து ஏங்கும் சிறுவனுக்கு, ஏழ்மை பெருமைக்குரியது என்று உபதேசித்துப் பயனில்லை. அவனது ஏக்கம் இயல்பானது. அதை மதிக்க வேண்டும். ஆனால் அவன் தன் கையால் ஒன்றைச் செய்து, அதைப் பெற்றவரின் முகம் மலர்வதை ஒருமுறை கண்டுவிட்டால், பெறுவதைவிடக் கொடுப்பதில் உள்ள இன்பத்தைத் தானே அறிந்துகொள்வான்.

பெறுபவரின் தர்மம்

எளிய பரிசின் வெற்றி கொடுப்பவரிடம் பாதியும் பெறுபவரிடம் பாதியும் இருக்கிறது. ஸ்ரீராமகிருஷ்ணர் அந்தச் சந்தேஷை ஒதுக்கி வைத்திருந்தால், அகோரமணி தேவி மீண்டும் வந்திருக்க மாட்டார். ஸ்மட்ஸ் செருப்பை அணியாமல் மூலையில் எறிந்திருந்தால், அந்த வரலாறு அங்கேயே முடிந்திருக்கும். மாமியார் வீட்டார், 'எங்களுக்கு ஒன்றும் வேண்டாம். உங்கள் கையால் செய்த ஊறுகாய் ஒரு பாட்டில் கொண்டுவந்தால் போதும்' என்று முன்கூட்டியே மனமாரச் சொல்லிவிட்டால், ஒரு தந்தையின் இரவுத் தூக்கம் திரும்பக் கிடைக்கிறது. ஒரு தாயின் வளையல் அவள் கையிலேயே இருக்கிறது. இந்த ஒரு சொல்லைச் சொல்ல வசதி படைத்த பக்கம்தான் முதலில் முன்வர வேண்டும். வசதியற்றவர் அதைச் சொன்னால் உலகம் இயலாமை என்று கூறும். வசதியுள்ளவர் சொன்னால் அது வழிகாட்டுதலாகிறது.

சுவாமி விவேகானந்தர் கர்மயோகச் சொற்பொழிவுகளில், கொடுக்கும் வாய்ப்பை அளித்ததற்காகக் கொடுப்பவரே பெறுபவருக்கு நன்றி பாராட்ட வேண்டும் என்ற கருத்தை வலியுறுத்தினார். அந்த நோக்கில் பார்த்தால் பரிசு என்பது உயர்ந்தவர் தாழ்ந்தவருக்கு அளிப்பதல்ல. இருவருள்ளும் உறையும் ஒரே இறைவனுக்குச் செய்யும் பூஜை. பூஜைக்கு இலையும் மலரும் கனியும் நீரும் போதும் என்று பகவான் கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் உறுதியளித்திருக்கிறார். பக்தியையும் தூய உள்ளத்தையும் மட்டுமே அவர் கேட்டிருக்கிறார். இறைவனே இலையை ஏற்கத் தயாராக இருக்கும்போது, மனிதர் மனிதரிடம் அதற்கு மேல் கேட்பது முறையாகுமா? வரும் பண்டிகையில் ஒவ்வோர் இல்லமும் இந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொள்ளட்டும். கொடுக்கும் கைகள் அச்சமின்றிக் கொடுக்கட்டும். ஏற்கும் கைகள் அளவிடாமல் ஏற்கட்டும்.